இதயத்தின் கிசுகிசுப்பைக் கேட்கும் குட்டிச் சிப்!

"டாக்டர், திடீர் திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. ரெண்டு நிமிஷம் இருக்கும். அப்புறம் தானா அடங்கிடுது. ஆனா இங்கே வந்து ஈ.சி.ஜி. எடுத்தா ஒண்ணுமே இல்லேங்கறாங்க..."

இதய நோய் மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. நோயாளி பொய் சொல்லவில்லை. ஈ.சி.ஜி. மெஷினும் பொய் சொல்லவில்லை. பின்னே என்ன சிக்கல்? வழக்கமான ஈ.சி.ஜி.யில் சுமார் 10 விநாடி நேரத் துடிப்புகள்தான் பதிவாகின்றன. ஒரு நாளில் 86,400 விநாடிகள்! மீதி நேரத்தில் இதயம் என்ன விளையாட்டுக் காட்டினாலும் அந்தக் காகிதத்துக்குத் தெரியாது.

அதற்காகத்தான் 'ஹோல்ட்டர்' என்ற கருவியை உடம்போடு மாட்டி அனுப்புகிறார்கள். 24 மணி நேரம், சில சமயம் 48 மணி நேரம். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். அத்தனையையும் ஒன்றுவிடாமல் பதிவு செய்கிறது இந்தச் சின்னப் பெட்டி. அதுவும் ஒரு சிறு பேட்டரியை வைத்துக்கொண்டு!

எப்படி முடிகிறது?

முதுகில் சுமந்த 38 கிலோ!

ஈ.சி.ஜி.யின் தந்தை எனப்படும் ஹாலந்து விஞ்ஞானி ஐந்தோவன், 1901-ல் உருவாக்கிய கருவியின் எடை சுமார் 270 கிலோ. நோயாளி கை, காலை உப்புத் தண்ணீர் வாளிக்குள் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இதற்காக 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

'நடமாடும்போதும் இதயத்தைப் பதிவு செய்ய முடியாதா?' என்று யோசித்தவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்ட்டர். 1940-களின் கடைசியில் அவர் செய்த முதல் கருவியை முதுகில் மூட்டையாகச் சுமக்க வேண்டியிருந்தது. எடை சுமார் 38 கிலோ! படபடப்பு இல்லாதவருக்கும் படபடப்பு வந்துவிடும். பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. எடை மளமளவென்று இறங்கியது. 1961-ல் தன் முறையை அவர் விரிவாக எழுதி வெளியிட்டார். இன்றைய ஹோல்ட்டர் சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிறது.

ஒரு மில்லிவோல்ட் ரகசியம்

இதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் ஒரு மின் அலை எழும்புகிறது. அது மார்புத் தோலுக்கு வந்து சேரும்போது அதன் அளவு சுமார் 1 மில்லிவோல்ட்தான். டார்ச் லைட் செல்லின் ஒன்றரை வோல்ட்டில் 1,500-ல் ஒரு பங்கு! அதிலும் இதயத்தின் மேலறைகள் சுருங்குவதைக் காட்டும் 'பி' அலை இன்னும் குட்டி. 0.1 முதல் 0.25 மில்லிவோல்ட்தான்.

இந்தக் கிசுகிசுப்பைப் பெரிதாக்கிக் கொடுப்பதுதான் 'ஆப்-ஆம்ப்' எனப்படும் சிப். வீட்டில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிற பிள்ளை இருந்தால் கேட்டுப் பாருங்கள். "741" என்று உடனே சொல்லும். 1968-ல் வந்து உலகப் புகழ் பெற்ற ஆப்-ஆம்ப் அது. ஆனால் அதை ஹோல்ட்டரில் வைத்தால் சரிப்படாது. ஏன் என்று பார்க்கலாம்.

திரியும் எண்ணெயும்

எந்த ஆப்-ஆம்ப்பும் முழு மௌனமாக இருக்காது. பழைய ரேடியோவில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் 'உஸ்ஸ்' என்று கேட்குமே, அதுபோல ஒவ்வொரு சிப்புக்குள்ளும் ஓர் இரைச்சல் இருக்கிறது. இதயத்தின் சிக்னலைப் பெருக்கும்போது இதுவும் சேர்ந்தே பெருகும். 'பி' அலையின் அளவுக்கு இரைச்சல் வந்துவிட்டால், அலை எது, இரைச்சல் எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

சரி, இரைச்சலைக் குறைக்க என்ன வழி? சிப்பின் முதல் டிரான்சிஸ்டர்களுக்குக் கூடுதல் மின்சாரம் கொடுக்க வேண்டும். இங்கேதான் சங்கடம். அந்த இரைச்சலைப் பாதியாக்க வேண்டுமென்றால் மின்சாரத்தை நாலு மடங்காக்க வேண்டும்! குத்துவிளக்கின் திரியைத் தூண்டினால் வெளிச்சம் கூடும், எண்ணெயும் சீக்கிரம் தீரும் இல்லையா? அதே கதைதான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கைக்குள் அடங்கும் 3 வோல்ட் காசு பேட்டரியின் கொள்ளளவு சுமார் 225 மில்லி ஆம்பியர்-மணி. ஒரு 741 சும்மா இருக்கவே 1.7 மில்லி ஆம்பியர் கேட்கும். இப்படி நாலு தேவைப்பட்டால் 6.8 மில்லி ஆம்பியர். 33 மணி நேரத்தில் பேட்டரி காலி! அது போகட்டும், 3 வோல்ட்டில் 741 ஒழுங்காக வேலை செய்யவே செய்யாது. கையடக்க ஈ.சி.ஜி. கருவிகளுக்கென்றே 2012-ல் வந்த 'ஏ.டி.8232' என்ற சிப்போ 0.17 மில்லி ஆம்பியரில் வேலையை முடித்துவிடும். அதே பேட்டரி, கணக்குப்படி, 50 நாளுக்கும் மேல் தாங்கும். பதிவு செய்யும் மற்ற பாகங்களுக்கும் மின்சாரம் வேண்டுமே, அதற்காகத்தான் இங்கே இத்தனை சிக்கனம்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

'இரைச்சல் எது குறைவோ அதை வாங்கு' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. கருவி செய்பவர்கள் நாலு விஷயம் பார்ப்பார்கள்.

முதலாவது, எந்த வேகத்தில் இரைச்சல் என்பது. விளம்பரத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் எண், பெரும்பாலும் விநாடிக்கு 1,000 அதிர்வில் அளந்தது. இதயத்தின் மின் அலையோ மிக நிதானமானது. விநாடிக்கு 0.05-லிருந்து 150 அதிர்வு வரைதான். அந்த மெதுவான பகுதியில்தான் சிப்பின் இரைச்சல் அதிகமாகக் குமுறும். ஆகவே 0.1 முதல் 10 அதிர்வுக்குள் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சில சிப்புகள் சிக்னலை விநாடிக்குப் பல்லாயிரம் தடவை புரட்டிப் புரட்டிப் போட்டு இந்த மெது இரைச்சலை ஒழித்துவிடுகின்றன.

இரண்டாவது, தோலின் தடை. வறண்ட தோல் மின்சாரத்தைச் சுலபமாக விடாது. சில வகை 'மகா அமைதி' சிப்புகள் தங்கள் வாய் வழியே சிறு மின்னோட்டத்தை உறிஞ்சும். அதன் நடுக்கம் தோலின் தடையில் மோதிப் புது இரைச்சலைக் கிளப்பிவிடும். மைக் முன்னால் பிரமாதமாகப் பாடுகிற சிப், மார்பில் வைத்தால் கரகரக்கும்! இங்கே தேவை, உறிஞ்சாத சிப்.

மூன்றாவது, மார்பில் ஒட்டும் எலெக்ட்ரோடு. அது தோலைத் தொடும் இடத்திலேயே ஒரு குட்டி பேட்டரி மாதிரி வோல்ட்டேஜ் உண்டாகும். 300 மில்லிவோல்ட் வரைகூட வரலாம் என்று வைத்தே கருவியைச் செய்கிறார்கள். எடுத்த எடுப்பிலேயே 1,000 மடங்கு பெருக்கினால் இதயத்துக்கு முன்னால் இதுதான் பொங்கி வழியும். அதனால் முதலில் கொஞ்சமாகப் பெருக்கி, வேண்டாததை வடிகட்டி, பிறகு மீதியைப் பெருக்குகிறார்கள்.

நான்காவது, வீட்டு கரண்ட். சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் நம் உடம்பிலும் ரீங்காரமிடும். இரண்டு எலெக்ட்ரோடுகளிலும் அது ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். எனவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட்டால் ரீங்காரம் போய்விடும், இதயத் துடிப்பு மட்டும் மிஞ்சும். இந்தக் கழித்தலைத் துல்லியமாகச் செய்கிற சிப்தான் தேர்வாகும்.

தப்பாகப் போனால்?

'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்றொரு கோளாறு. மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் படபடத்து நடுங்கும். உள்ளே ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்விட்டால் பக்கவாதம்! இவர்களுக்குப் பக்கவாத ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு. 'பி' அலை இல்லாமல் போவதும், துடிப்பு தாறுமாறாவதும்தான் இதன் அடையாளம். இரைச்சலில் 'பி' அலை மூழ்கிப்போனால் நோயைக் கண்டுகொள்வது கஷ்டம். சரியாகத் தெரிந்துவிட்டால், தேவைப்படுபவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்துப் பக்கவாதத்தைத் தடுக்க முடியும்.

எதிர்மாறாகவும் நடக்கும். பல் துலக்கும்போது கை ஆடுகிற ஆட்டம் எலெக்ட்ரோடில் பட்டு, பார்ப்பதற்கு ஆபத்தான இதயத் துடிப்பு மாதிரியே பதிவாவதுண்டு. "காலையில ஆறு மணிக்குப் பல் தேய்ச்சேன்" என்று நீங்கள் எழுதி வைத்த ஒரு வரி, வேண்டாத சிகிச்சையிலிருந்து உங்களைக் காப்பாற்றும்!

நீங்கள் செய்ய வேண்டியது

சிப்பைத் தேர்ந்தெடுப்பது இன்ஜினீயர் வேலை. ஆனால் எவ்வளவு நல்ல சிப்பானாலும் எலெக்ட்ரோடு சரியாக ஒட்டாவிட்டால் வீண்தான். அது உங்கள் கையில் இருக்கிறது.

* ஹோல்ட்டர் மாட்டும் நாளில் குளித்துவிட்டுப் போங்கள். மார்பில் எண்ணெய், பவுடர், சந்தனம், க்ரீம் எதுவும் வேண்டாம். ரோமம் இருந்தால் அங்கேயே மழித்துவிடுவார்கள். கூச்சப்படாதீர்கள்.

* 'புது பேட்டரி போட்டாச்சா?' என்று தயங்காமல் கேளுங்கள். பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்து!

* தளர்வான பருத்தி உடை நல்லது. தாலிச் சங்கிலி எலெக்ட்ரோடில் உரசாதபடி ஒதுக்கி வைக்க நர்ஸிடம் சொல்லுங்கள்.

* நனையக் கூடாத கருவி என்றால் கழற்றும்வரை குளியல் கிடையாது. செல்போனைச் சட்டைப் பையில், கருவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

* வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள். டாக்டர் தடுக்கவில்லை என்றால் மாடிப்படி ஏறுங்கள். 'கருவி மாட்டியிருக்கே' என்று படுத்தே கிடந்தால், தேடி வந்தது கிடைக்காமலே போகலாம்.

* கொடுக்கும் தாளில் நேரத்தோடு எழுதுங்கள். சாப்பிட்டது, தூங்கியது, கோபப்பட்டது, மாத்திரை போட்டது, படபடப்பு வந்தது எல்லாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஹோல்ட்டர் வெறும் சாட்சிதான், காவல்காரன் அல்ல. கடும் நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால், 'நாளைக்குத்தானே கழற்றுவாங்க' என்று காத்திருக்காதீர்கள். கருவியோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அந்த ஒரு லட்சம் துடிப்பையும் அது பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும்!