அழைத்தால் வரும் நாய்க்குட்டி
(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி)

நன்றிக்கு எடுத்துக்காட்டாக நாயைச் சொல்வது நம் வழக்கம். ஆனால் அந்த நன்றியுள்ள பிராணி பிறக்கும்போதே நம் சொல்லைக் கேட்கக் கற்றுக்கொண்டு பிறப்பதில்லை. ‘மணி’ என்று பெயர் வைத்துவிட்டால் மட்டும் போதுமா? அந்தப் பெயரைக் கேட்டதும் அது திரும்பி நம் முகத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை, எங்கள் வீட்டில் நாங்கள் செய்த தவற்றோடு சேர்த்தே இங்கு சொல்கிறோம்.

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்று வந்தது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. முதல் வாரம் யார் அழைத்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது. மூன்றாம் வாரத்தில் அழைத்தவுடன் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது! ஒரு நாள் மாலை வெளிக்கதவு திறந்திருந்தபோது மணி தெருவுக்கு ஓடிவிட்டது. “மணி! மணி!” என்று நாங்கள் கத்திக்கொண்டு துரத்தத் துரத்த அது இன்னும் வேகமாக ஓடியது. எதிரே ஒரு லாரி. ஓட்டுநர் சட்டென்று பிரேக் போட்டதால் மயிரிழையில் உயிர் தப்பியது. அன்று இரவு எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் வெறிநோய்த் தடுப்பூசி போடக் கொண்டு சென்றபோது கால்நடை மருத்துவரிடம் முறையிட்டோம். “குட்டியை எதற்கெல்லாம் கூப்பிடுகிறீர்கள்?” என்று அவர் கேட்டார். யோசித்துப் பார்த்தோம். குளிப்பாட்ட, கட்டிப்போட, செருப்பைக் கடித்ததற்காக அடிக்க! “அப்படியானால் அது வராமலிருப்பதுதானே புத்திசாலித்தனம்?” என்று அவர் சிரித்தார். எங்களுக்கு வெட்கமாகப் போயிற்று.

ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவைப் பற்றிப் பலர் படித்திருப்பீர்கள். செரிமானத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். உணவு தருமுன் ஒவ்வொரு முறையும் ஓர் ஒலியைக் கேட்கச் செய்தால், நாளடைவில் உணவு இல்லாமலே அந்த ஒலிக்கு நாயின் வாயில் உமிழ்நீர் ஊறும் என்று அவர் காட்டினார். பெயரும் அப்படி ஓர் ஒலிதான். அதன்பின் நன்மை வந்தால் குட்டி நம்மைத் தேடி வரும். அடி வந்தால் ஓடி ஒளியும்.

குட்டிகளுக்கு மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை பழகும் பருவமாகும். மனிதர், ஒலி, வாகனம் எதுவாயினும் அப்போது அச்சமின்றி அறிமுகமானால் பிற்காலத்தில் அவற்றைக் கண்டு மிரளாது. அதற்காகக் கண் திறந்ததும் தாயிடமிருந்து பிரித்துவிடக் கூடாது. எட்டு வாரமாவது தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருக்க வேண்டும். விளையாட்டில் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அங்கேதான் அது கற்றுக்கொள்கிறது. தடுப்பூசிகள் முடியும்வரை தெருவில் இறக்கிவிடாமல் தூக்கி வைத்துக்கொண்டே வேடிக்கை காட்டலாம்.

இனிப் பயிற்சிக்கு வருவோம். முதற் பாடம் பெயர். அமைதியான அறையில் ஒரே ஒரு முறை “மணி” என்று இனிய குரலில் அழைக்க வேண்டும். குட்டி முகத்தைப் பார்த்தவுடன் “நல்ல பிள்ளை!” என்று சொல்லி, வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைப் பொட்டுக்கடலை அளவு கொடுக்க வேண்டும். பார்த்த ஓரிரு நொடிக்குள் கொடுத்தால்தான் எதற்காகக் கிடைத்தது என்பது அதற்குப் புரியும். பார்க்கவில்லையென்றால் பத்து முறை கத்தக் கூடாது. பெயர் வெறும் இரைச்சலாகிவிடும். முகத்தைப் பிடித்துத் திருப்பவும் கூடாது. அதுவாகப் பார்க்கும் பார்வைக்கே மதிப்பு.

இரண்டாம் பாடம் “வா”. நீண்ட கயிற்றில் கட்டி, இரண்டடி தூரத்திலிருந்து தொடங்கி நாளுக்கு நாள் தூரத்தைக் கூட்ட வேண்டும். வந்ததும் பரிசு கொடுத்து, மீண்டும் விளையாட விட்டுவிட வேண்டும். வந்தால் விளையாட்டு முடிந்துபோகும் என்ற எண்ணம் அதற்கு வரவே கூடாது. தப்பி ஓடினால் துரத்தாமல் நாம் எதிர்த்திசையில் ஓட வேண்டும். துரத்தினால் அது விளையாட்டென்று எண்ணி ஓடும். நாம் ஓடினால் அது நம்மைத் துரத்தி வரும்!

எங்கள் வீட்டில் ஆச்சி “தோ தோ” என்பார். அப்பா “இங்கே வா” என்பார். தம்பி “கம்” என்பான். பாவம், குட்டி எந்த மொழியைக் கற்கும்? எல்லோரும் “வா” என்றே அழைப்பதென்று முடிவு செய்தோம். நாளுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம். குளிப்பாட்ட வேண்டுமானால் அழைக்காமல் நாங்களே போய்த் தூக்கி வந்தோம். அடிப்பதை அறவே விட்டோம்.

2015-ஆம் ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் நெடுநேரம் பார்த்துக்கொள்ளும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்னும் சுரப்பு கூடுகிறதாம். தாய்க்கும் குழந்தைக்கும் இடையே பாசத்தை வளர்ப்பதும் இதே சுரப்புதான். மனிதர் வளர்த்த ஓநாய்களிடம் இது காணப்படவில்லை. அந்தப் பார்வையின் அருமையை அறியாமல்தான் நாங்கள் செருப்புக்காக அதை அடித்துக்கொண்டிருந்தோம்!

கட்டிலுக்கடியிலிருந்து மணியை வெளியே கொண்டுவர எங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. கெடுத்தது இரண்டு வாரம். திருத்தியது அதைவிட இரு மடங்கு. போன மாதம் ஒரு பூனையைக் கண்டு மணி மறுபடியும் வாசலைத் தாண்டிப் பாய்ந்தது. எங்கள் நெஞ்சு நின்றுவிட்டது. தம்பி துரத்தவில்லை. “மணி, வா!” என்று ஒரே ஒரு முறை அழைத்துவிட்டுத் திரும்பி ஓடினான். தெருவின் நடுவே நின்ற மணி, பூனையைப் பார்த்தது, தம்பியைப் பார்த்தது, பிறகு அவன் பின்னாலேயே ஓடி வந்தது. ஆச்சி அதற்கு ஒரு முட்டையை முழுதாகவே கொடுத்துவிட்டார்.

அன்புத் தோழியரே! திட்டுவதற்கென்றே ஒருவர் அழைத்தால் நாம் மட்டும் ஓடிப்போய் நிற்போமா? வாயில்லா ஜீவனுக்கும் அப்படித்தான். உங்கள் வீட்டில் குட்டி இருந்தால் இன்று மாலை அதன் பெயரை ஒரே ஒரு முறை, அன்போடு அழைத்துப் பாருங்கள். அது திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தை வீணாக்கிவிடாதீர்கள்.