லாயத்தில் ஓர் அமானிதம்

ஒருவர் தம் உடைமையைப் பிறரிடம் பாதுகாப்பிற்காக ஒப்படைப்பதை ஃபிக்ஹு நூல்கள் 'வதீஆ' எனப் பெயரிட்டுத் தனிப் பாடமாக ஆராய்கின்றன. பொன்னும் வெள்ளியுமே அப்பாடத்தின் பொருள் என எண்ணுவோர் உளர். உயிருள்ள பிராணி அடைக்கலமாக வந்தால் என் செய்வது என்ற வினாவுக்கும் அங்கே விடை உண்டு. பெட்டியில் வைத்த பொன்னைத் தொடாதிருப்பதே அதனைக் காப்பதாகும். பிராணியையோ தொடாதிருந்தால் அது மடிந்து போகும். ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களுள் ஒன்றான இமாம் நவவி (மறைவு 1277) அவர்களின் 'மின்ஹாஜ்' இவ்வேறுபாட்டைக் கருத்தில் கொள்கிறது. அடைக்கலம் ஏற்றவர் தீனி கொடாது விட்டுப் பிராணி இறந்தால் அவர் ஈடு செய்ய வேண்டும். உரிமையாளரே தீனி போடவேண்டாம் எனத் தடுத்திருந்தால் ஈடு இல்லை. எனினும் பட்டினி போட்ட பாவம் ஏற்றவரை விட்டு நீங்குவதில்லை என்பர் உரையாசிரியர்கள். பிராணியின் உயிருக்கு அதன் உரிமையாளனையும் கடந்த ஒரு மதிப்பு உண்டு என்பதே இதன் உட்கிடை.

குதிரையை வாங்கி, அதனைக் கட்டி வைக்கத் தமக்கு இடமில்லாமையால் மாத வாடகைக்குப் பிறர் லாயத்தில் விட்டு வைப்போர் நம் நகரங்களில் இன்று உள்ளனர். ஐந்தாறு குதிரைகளே நிற்கும் சிறு லாயங்கள் இவை. அவற்றை நடத்துவோர் ஏற்பது வெறும் வாடகைத் தொழிலன்று, அமானிதமும் ஆகும். அதனை நிறைவேற்ற அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். அறிவற்ற அன்பு குதிரையை எங்ஙனம் கொல்லும் என்பதற்கு நம் மண்ணிலேயே எழுநூறு ஆண்டுப் பழமையான சான்று ஒன்று உண்டு.

அரபுகள் மஅபர் என வழங்கிய பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் வந்திறங்கின. கீஷ் தீவின் தலைவர் மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுக்கு 1400 குதிரைகள் அனுப்ப உடன்பட்டிருந்தார் என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், வழியில் இறந்தவற்றுக்கும் பாண்டியனின் கருவூலமே விலை கொடுத்தது என்றும் ஷீராஸைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். அந்த ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகியுத்தீன் பாண்டியனின் அமைச்சராயிருந்தவர்.

இத்துணைப் பொருள் கொட்டி வாங்கிய குதிரைகள் என்னவாயின? 1290களில் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, மன்னன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்கிறார். எண்ணிக்கையைச் சற்றுக் குறைத்தே கொள்ளலாம். பயணிகளின் எண்கள் பெருத்துப் போவது இயல்பு. அவர் கூறும் காரணங்களே நமக்கு முக்கியம். குதிரைகளுக்குச் சோற்றோடு சமைத்த இறைச்சியைக் கொடுத்தனர். லாடமடிக்கும் வைத்தியர் நாட்டில் இல்லை. அத்தகையோர் இங்கு வந்து சேராதபடி குதிரை வணிகர்களே தடுத்து வந்தனர். வஸ்ஸாஃபின் குறிப்போ இன்னும் நுட்பமானது. வந்திறங்கிய குதிரைகளை முளையடித்துக் கயிற்றால் பிணித்து நாற்பது நாள் லாயத்திலேயே நிறுத்தினர். கொழுப்பதற்காக வறுத்த வாற்கோதுமையையும் நெய் கூட்டிய தானியத்தையும் ஊட்டி, காய்ச்சிய பசும்பாலைக் குடிக்க வைத்தனர். பிறகு எவ்விதப் பயிற்சியுமின்றி மூர்க்கமாக ஏறி ஓட்டினர். வலிமை மிக்க குதிரைகளும் சில நாளிலேயே தளர்ந்து பயனற்றுப் போயின.

வறுத்த தானியமும் நெய்யும் பாலும் கொடுத்தவர்களைக் கொடியவர் என்று யார் சொல்வர்? தம் வீட்டு விருந்தினர்க்குப் படைப்பதையே அவர்கள் குதிரைக்கும் படைத்தனர். ஆயினும் குதிரையின் வயிறு மனிதனின் வயிறன்று. அதன் இரைப்பை உடலளவை நோக்கச் சிறியது. எட்டு முதல் பதினைந்து லிட்டரே கொள்ளும். உண்டதை வாந்தியெடுக்க அதனால் இயலாது. புல்லைச் செரிக்கும் பணி பெரும்பாலும் பெருங்குடற்பகுதியில், கோடிக்கணக்கான நுண்ணுயிர்களால் நடைபெறுகிறது. மாவுச்சத்து மிகுந்த தானியம் ஒரே வேளையில் மிகுதியாகச் சென்றால், சிறுகுடலில் செரிக்காத எஞ்சிய பகுதி அங்கே புளித்து அமிலமாகிறது. விளைவு கடும் வயிற்றுவலி. அல்லது குளம்பின் உள்ளிழைகள் அழன்று, நிற்கவே முடியாமற் செய்யும் குளம்பழற்சி.

நாற்பது நாள் கட்டிப்போட்டுத் தானியம் ஊட்டி, நாற்பத்தோராம் நாள் விரட்டுவதில் மற்றொரு கேடும் உண்டு. வண்டி இழுத்த குதிரைகள் ஞாயிறன்று முழுத் தீனியோடு ஓய்ந்திருந்து மறுநாள் வேலைக்குப் புறப்பட்டவுடன் பின்னங்கால் தசைகள் இறுகி நின்றுவிடுவதை ஐரோப்பியர் 'திங்கட்கிழமை நோய்' என்றே அழைத்தனர். தசை சிதைந்து, சிறுநீர் காப்பி நிறத்தில் வரும், சிறுநீரகம் பழுதடையும். அந்நிலையில் குதிரையை அடித்து நடத்துவது அதனைக் கொல்வதற்கு ஒப்பாகும். வஸ்ஸாஃப் வருணித்தது இந்நோயையே என அறுதியிட்டுக் கூற வழியில்லை; ஆனால் அந்நோய்க்கு இதனினும் பொருத்தமான ஏற்பாட்டை வேண்டுமென்றே அமைத்தாலும் அமைத்தல் அரிது.

அரபு நாட்டிலும் ஒரு நாற்பது நாள் கணக்கு இருந்தது என்பது வியப்பு. 'தள்மீர்' என்பது அம்முறையின் பெயர். குதிரையை முதலில் நன்கு ஊட்டிக் கொழுக்க வைத்து, பின்னர் நாற்பது நாள் தீனியைப் படிப்படியாகக் குறைத்து, போர்வையிட்டு வியர்க்க வைத்து, ஓட்டத்திற்கு ஆயத்தம் செய்வது. மதீனாவில் பெருமானார் (ஸல்) அவர்கள் நடத்திய பந்தயத்தில் தள்மீர் செய்யப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நெடுந்தொலைவும், செய்யப்படாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுந்தொலைவுமே வரையறுக்கப்பட்டன என்பது புகாரியில் காணும் செய்தி. பழக்கப்படாத உடலிடம் பழக்கப்பட்ட உடலின் உழைப்பைக் கேட்கலாகாது என்னும் நெறி இதில் அடங்கியுள்ளது.

நம் நாட்டினர்க்குக் குதிரை வைத்தியமே தெரியாதென்று இதனால் முடிவு கட்டுவது பிழை. சாலிஹோத்திரரின் பெயரால் வழங்கும் வடமொழி நூல்மரபு பாரசீகத்திலும் பெயர்க்கப்பட்டது. உருது மொழியில் கால்நடை வைத்தியரைக் குறிக்கும் 'சலோத்ரி' என்ற சொல் அவர் பெயரிலிருந்து பிறந்ததே. அப்பாஸியர் காலத்து இப்னு அகீ ஹிஸாமும், மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மதுவின் குதிரை வைத்தியர் அபூபக்ரும் அரபியில் எழுதினர். அறிவு இரு பக்கமும் இருந்தது. அது லாயத்தில் நின்ற குதிரையைச் சென்றடையவில்லை. வணிகர்கள் வைத்தியரைத் தடுத்தனர் என்னும் போலோவின் கூற்று மெய்யாயின், விற்ற சரக்கு விரைவில் அழிந்தால் மறு விற்பனை கிட்டும் என்ற அந்தக் கணக்கை, வணிகர் நம்மவர் என்பதற்காக நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை.

தட்பவெப்பத்திற்கும் பங்குண்டு என்பதை மறுக்கவில்லை. புழுக்கம் மிகுந்த கரையோரங்களுக்குக் கொண்டுவரப்படும் குதிரைகளுள் சில வியர்க்கும் ஆற்றலையே இழந்துவிடும். நண்பகலில் உடல் காய்ந்திருக்க மூச்சு மட்டும் இரைத்தால் அதுவே அறிகுறி. அத்தகைய குதிரையை நிழலில் நிறுத்தி, நீர் ஊற்றிக் குளிர்வித்து, வைகறையில் மட்டுமே வேலை வாங்கவேண்டும்.

இன்றைய லாயத்துக்கு வருவோம். குதிரையின் உணவில் முதலிடம் புல்லுக்கும் உலர்புல்லுக்கும் உரியது. உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு நாள்தோறும் வேண்டும். கொள்ளும் தவிடும் உழைப்புக்கேற்ற துணையுணவே. அவற்றையும் சிறு சிறு பங்காகப் பிரித்தே இடுக. ஓய்வு நாளில் தானியத்தைக் குறைத்துவிடுக. தீனியை மாற்ற நேர்ந்தால் ஒரு வாரம் முதல் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுக. நீர் நாளொன்றுக்கு இருபத்தைந்து லிட்டருக்குக் குறையாது. கோடையில் இருமடங்கும் ஆகும். தானிய அறைக்குத் தாழ்ப்பாள் இருத்தல் இன்றியமையாதது. இரவில் அவிழ்த்துக்கொண்ட குதிரை தானிய மூட்டைக்குள் தலையை விட்டால் விடிவதற்குள் அதன் கதை முடிந்துவிடக்கூடும்.

குளம்பை நாள்தோறும் சுத்தி செய்து, ஆறு முதல் எட்டு வாரத்திற்கொருமுறை சீவவேண்டும். வாலையும் பிடரியையும் அழகுக்காகக் கத்தரிப்பதைத் தடுக்கும் நபிமொழி அபூதாவூதில் உண்டு. வால் ஈயோட்டி என்று அதற்குக் காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது. குதிரைக்கு உயிர்க்கொல்லியான சுர்ரா நோயைக் கடிக்கும் ஈக்களே பரப்புகின்றன என இன்று அறிவோர்க்கு அச்சொல்லின் அருமை விளங்கும்.

புதிதாக வரும் குதிரையை இரண்டு மூன்று வாரம் தனியே நிறுத்தி, வாளியும் தூரிகையும் தனியாகவே வைத்துக்கொள்ளவேண்டும். மனிதரையும் பற்றும் கிளாண்டர்ஸ் நோய் நம் நாட்டில் உள்ளது. அதற்கான இரத்தப் பரிசோதனைச் சான்று காட்டாத குதிரையைச் சேர்ப்பதில்லை என்பதில் தயக்கம் கூடாது. இதனைச் சொல்லிக் கேட்கும்போது நண்பர்கள் மனங்கோணுவர், கோணட்டும்.

மனிதர் காயமுறுவது பெரும்பாலும் அவசரத்தால். குதிரைக்கு நேர் பின்னால் பார்வை இல்லை. நெற்றிக்கு மிக அருகிலும் இல்லை. ஆகவே குரல் கொடுத்துத் தோள்பட்டைப் பக்கமாக அணுகுக. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர். மிரண்ட குதிரை இழுத்தால் விரல் போய்விடும். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாக இடுக. உலர்புல்லை லாயத்தின் கூரையடியில் குவிக்காது தள்ளி வைத்து, அருகே நெருப்பையும் புகையையும் அறவே விலக்குக. தலைக்கயிறு கதவருகிலேயே தொங்கட்டும். தீப்பற்றிய இருளில் அதனைத் தேடிக்கொண்டிருக்க இயலாது.

எஞ்சியிருப்பது உடன்படிக்கை. அடைக்கலப் பிராணிக்குத் தீனி தீர்ந்தால் ஏற்றவர் முதலில் உரிமையாளரையோ அவருடைய வகீலையோ நாடவேண்டும்; அவரும் இல்லையேல் காழியை நாடவேண்டும் என்பது ஃபிக்ஹு வகுத்த வரிசை. வயிற்றுவலியில் குதிரை தரையில் உருளும் நள்ளிரவில் காழியைத் தேட நேரமில்லை. உரிமையாளர் கிட்டாதபோது முடிவெடுக்கும் வகீல் யார், எந்த மருத்துவரை அழைப்பது, எவ்வளவு செலவு வரை கேளாமலே செய்யலாம், அறுவைச் சிகிச்சைக்கும் கருணைக்கொலைக்கும் ஒப்புதல் தருபவர் யார் என்பனவற்றைக் குதிரை லாயத்துள் நுழையும் நாளிலேயே எழுதி இருவரும் ஒப்பமிட்டு, அதன் ஒரு படியைக் குதிரைக்காரர் கைக்கெட்டும் இடத்தில் ஒட்டி வைக்கவேண்டும். இரவில் விழித்திருப்பவர் அவரே.