ஸ்வார்ட்ஸ் பெயரை ஃப்ராக்டூரில் கோர்ப்பது எப்படி?

ராமநாதபுரத்தில் ‘ஸ்வார்ட்ஸ் ஸ்கூல்’ என்றால் ஆட்டோக்காரர் வரைக்கும் தெரியும். ராமேஸ்வரத்திலிருந்து வந்து அப்துல் கலாம் படித்த பள்ளி. ஆனால் ஸ்வார்ட்ஸ் யார் என்று கேட்டால், “யாரோ வெள்ளைக்காரத் துரை” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஸ்வார்ட்ஸ் (1726–1798) ஜெர்மன்காரர். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்த லூத்தரன் பாதிரியார். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை மூன்று ஊர்களிலும் ஆங்கிலப் பள்ளிகள் தொடங்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. தரங்கம்பாடி மிஷனிலிருந்து போன கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் 1710 முதல் தொகுதி தொகுதியாக அச்சிட்டார்கள். ‘ஹாலே அறிக்கைகள்’ என்று பெயர். நம்ம ஊர்களைப் பற்றிய சேதிகள் அதில் ஏராளம்.

அதிலிருந்து ஒரு பக்கத்தை அசல் எழுத்திலேயே கோர்த்து, பக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பையும் வைத்து, நண்பர்களுக்கு ஒரு சிறு பிரசுரம் போடலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு சாயங்கால வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் இழுத்துவிட்டது. நான் செய்த தப்புகளை நீங்களும் செய்ய வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

முதல் தப்பு: அலங்காரம் என்று நினைத்தது

அந்த அறிக்கைகள் ஃப்ராக்டூர் எழுத்தில் இருக்கின்றன. சான்றிதழ்களின் தலைப்பில் கறுப்பாக, ஒடித்து ஒடித்து எழுதியதுபோல ஒரு ஆங்கில எழுத்து பார்த்திருப்பீர்கள். அதற்கு இது ஒன்றுவிட்ட தம்பி. இணையத்தில் ‘ஃபேன்ஸி எழுத்து’ மாற்றித் தரும் தளங்கள் நிறைய உண்டு. ஒன்றில் பெயரைக் கொடுத்தேன், வந்ததை நகலெடுத்து ஒட்டினேன். பார்க்க ஜோராக இருந்தது. பிடிஎஃப் கோப்பில் அதே பெயரைத் தேடினேன், கிடைக்கவில்லை.

காரணம் எளிது. அவை கணிதக் குறியீடுகளாக யூனிகோடில் தனியாக வைக்கப்பட்டவை. பார்க்க எஸ் மாதிரி இருக்குமே தவிர, கணினிக்கு அது எஸ் கிடையாது. திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற வாசகருக்கும் பெயர் கேட்காது, குறியீடுகளின் பட்டியல்தான் கேட்கும்.

நமக்குத் தெரிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது. பழைய புத்தகங்களில் னை, லை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்து வரும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு உருவம் மாறியது. ஆனால் யூனிகோடில் இரண்டுக்கும் ஒரே குறிதான். எந்த உருவத்தைக் காட்டுவது என்பது எழுத்துருவின் வேலை. ஃப்ராக்டூரும் அப்படியே: சாதாரண ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள், உருவத்தை எழுத்துரு பார்த்துக்கொள்ளும்.

அமைக்கும் முறை

நான் பயன்படுத்தியது ஸீலாடெக். ஃபாண்ட்ஸ்பெக் தொகுப்பை ஏற்றி, இரண்டு எழுத்துரு குடும்பங்களை அறிவித்தால் போதும். ஜெர்மனுக்கு யூனிஃப்ராக்டூர் மகுன்டியா, தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், இரண்டும் இலவசம். தமிழ்க் குடும்பத்தை அறிவிக்கும்போது ஸ்கிரிப்ட் என்ற விருப்பத்தில் தமிழ் என்று மறக்காமல் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘கெ’யில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுகொள்ளும். பழைய பிடிஎஃப்லாடெக்கில்தான் வேலை என்றால் ஒய்ஃபாண்ட்ஸ் என்ற தொகுப்பு இருக்கிறது. அதில் தமிழைச் சேர்ப்பது பெரிய பாடு.

இன்னொரு விஷயம். அந்தக் கால ஜெர்மன் அச்சில் லத்தீன் சொற்கள் வந்தால் அவற்றை மட்டும் ரோமன் எழுத்தில் கோர்ப்பார்கள். ஆக ஒரே வரியில் இரண்டு எழுத்துரு. அதற்கும் ஒரு குடும்பத்தை அறிவித்துவிடுங்கள்.

ஸ்வார்ட்ஸ் என்ற பெயரே நல்ல சோதனை. ஃப்ராக்டூரில் சி-எச், டி-இசட் இரண்டு ஜோடிகளும் ஒட்டியே வர வேண்டும். இந்தப் பெயரில் இரண்டும் இருக்கின்றன. ஃப்ராக்டூரில் சாய்வெழுத்து கிடையாது. அழுத்தம் கொடுக்க எழுத்துகளைத் தள்ளித் தள்ளிக் கோர்ப்பார்கள். அப்போதும் இந்த ஜோடிகளைப் பிரிக்கக் கூடாது. நம்ம க்ஷ மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்துரு சரியாக வேலை செய்கிறதா என்று இந்த ஒரு பெயரை வைத்தே பார்த்துவிடலாம்.

எழுத்துருவால் முடியாதது

இங்கேதான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். ஃப்ராக்டூரில் சின்ன எஸ்ஸுக்கு இரண்டு வடிவம்: நீள எஸ், வட்ட எஸ். சொல்லின் முதலிலும் நடுவிலும் நீளம், கடைசியில் வட்டம். சரி, தேடி மாற்றினால் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. கூட்டுச்சொல்லில் முதல் சொல்லின் கடைசியிலும் வட்ட எஸ்தான் வரும். ‘வாக்ஸ்டூபெ’ என்ற ஒரே எழுத்துக்கூட்டல், நீள எஸ் போட்டால் காவலர் அறை. வட்ட எஸ் போட்டால் மெழுகுக் குழாய்!

இதை எந்த எழுத்துருவாலும் தானாகத் தீர்மானிக்க முடியாது. அர்த்தம் தெரிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். புள்ளி இல்லாத ஓலைச்சுவடியைப் பதிப்பித்தவர்கள் எ-வா ஏ-வா என்று ஒவ்வொரு இடத்திலும் யோசித்தார்களே, அதே கதை. அதனால்தான் னைக்கு இல்லாத தனிக் குறி நீள எஸ்ஸுக்கு யூனிகோடில் இருக்கிறது. அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் திருத்தினேன். மூன்று வாரத்தில் பாதி இதற்கே போனது.

நீள எஸ், எஃப் எழுத்தின் இரட்டைப் பிறவி. குறுக்குக் கோடு வலது பக்கம் நீளாது, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய ஸ்கேன்களை எழுத்துணரியில் ஓட்டினால் ‘ஸைன்’ (இருத்தல்) ‘ஃபைன்’ (நேர்த்தி) ஆகிவிடும். ஊர்ப்பெயரில் இது நடந்தால் அந்த ஊர் தேடலிலிருந்தே காணாமல் போகும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன்

என் முதல் மாதிரிப் படியில் ஜெர்மன் பத்தியின் நடுவே இருந்த தமிழ்ச் சொற்கள் எல்லாம் வெற்றுக் கட்டங்களாக வந்தன. ஃப்ராக்டூர் எழுத்துருவில் தமிழ் கிடையாது. நான் குடும்பத்தை மாற்ற மறந்திருந்தேன். ஸீலாடெக் அதைப் பதிவுக் கோப்பில் எழுதி வைத்திருந்தது. யார் படித்தது! ‘ட்ரேஸிங் லாஸ்ட் கேரக்டர்ஸ்’ என்ற அமைப்பை 3 என்று வைத்தால், விடுபட்ட எழுத்து ஒவ்வொன்றும் பிழையாகவே காட்டப்படும். 2021க்குப் பிந்தைய டெக்லைவ் பதிப்புகளில் இது இருக்கிறது. முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள்.

ஆக, ஒட்டி வருவதையும் ஒடித்து வருவதையும் எழுத்துருவிடம் விடுங்கள். அர்த்தத்தைப் பொறுத்து மாறுவதை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். இப்போது என் பிடிஎஃப்பில் ஸ்வார்ட்ஸ் என்று சாதாரண ரோமன் எழுத்தில் தேடினால், ஃப்ராக்டூரில் இருக்கும் பெயரில் போய் நிற்கிறது.