மலைப்பாதை வண்டிகளில் ஆயில் கசிவு: காரணமும் சரிசெய்யும் முறையும்

ஜவ்வாது மலையில் விளையும் சாமையும் புளியும் கார், பிக்கப் வண்டிகளில்தான் போளூருக்கும் திருப்பத்தூருக்கும் இறங்குகின்றன. வண்டி நின்ற இடத்தில் கருப்பாக ஆயில் சொட்டியிருந்தால் அலட்சியம் வேண்டாம். வாஷர் மாற்றினால் முடிகிற வேலை, இன்ஜினையே இறக்கும் செலவாகிவிடும்.

இன்ஜினின் அடியில் ஆயிலைத் தாங்கும் தொட்டிதான் ஆயில் பேன். மெக்கானிக்குகள் இதைச் சேம்பர் என்பார்கள்.

கசிவுக்கான காரணங்கள்

• பாரம் ஏற்றிய வண்டி தாழ்வதால், கற்கள் சேம்பரில் இடிப்பது.
• கேஸ்கட் சூட்டில் காய்ந்து வெடிப்பது.
• ஆயில் மாற்றும்போது பழைய வாஷரையே போடுவது, டிரெயின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்குவது.
• தகட்டுச் சேம்பரில் துருப்பிடிப்பது.

எங்கே கசிகிறது?

மேலே உள்ள வால்வு கவரில் கசியும் ஆயிலும் வழிந்து சேம்பரில்தான் சொட்டும். எனவே, இன்ஜின் ஆறியபின் அடிப்பகுதியைத் துடைத்துவிட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஈரம் முதலில் தெரியும் இடமே கசியும் இடம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள்.

சரிசெய்வது எப்படி?

டிரெயின் போல்ட்டில் கசிந்தால் புது வாஷர் போதும். ஓரத்தில் கசிந்தால் போல்ட்டுகளை மேலும் முறுக்காதீர்கள். தகடு வளைந்து கசிவு கூடும். சேம்பரைக் கழற்றி, பழைய கேஸ்கட்டைச் சுரண்டி, புதியது போட்டு, போல்ட்டுகளைச் சமமாக முறுக்க வேண்டும். ஓட்டை விழுந்த தகட்டுச் சேம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்து வெல்டிங் வைக்கலாம். வெடித்த அலுமினியச் சேம்பரை மாற்றுவதே நல்லது. எம்-சீல் பூசுவது தற்காலிகத் தீர்வுதான்.

கசிவு இல்லாவிட்டாலும், சேம்பர் உள்பக்கமாக நசுங்கியிருந்தால் ஆயில் உறிஞ்சும் குழாய் அடைபடலாம். அதையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால்

ஏற்றத்திலோ வளைவிலோ ஆயில் விளக்கு மினுங்கினால், ஆயில் குறைந்திருக்கலாம். ஊர் வரை போய்விடலாம் என்று ஓட்டாதீர்கள். பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி, உடனே இன்ஜினை அணையுங்கள். சில நிமிடம் கழித்துச் சமதளத்தில் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஆயில் ஊற்றியும் விளக்கு அணையாவிட்டால், வண்டியைக் கட்டித்தான் இழுத்துச் செல்ல வேண்டும்.

மலையிறங்கும் நாளில் டிப்ஸ்டிக் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். சேம்பருக்குக் கீழே பாதுகாப்புத் தகடு பொருத்துவதும் பலன் தரும்.

கழிவு ஆயிலை நிலத்திலோ ஓடையிலோ கொட்டாதீர்கள். செய்யாறு பிறப்பது நம் மலையில்தான். கேனில் பிடித்து, கழிவு ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.