குளிசை இல்லாமல் பதகளிப்பு தணியுமா?

நாட்பட்ட பதகளிப்பு நோயைக் குளிசை இல்லாமல் மூச்சுப்பயிற்சி, தியானம், உளவளத்துணை ஆகியவற்றால் மட்டும் தணிக்க முடியுமா என்பது, ஐந்தே நிமிடத்தில் அமைதி தருவதாகக் கைக்கடிகாரங்களும் தொலைபேசிச் செயலிகளும் விளம்பரம் செய்யும் இந்நாளில் வாசகர்கள் அடிக்கடி எழுப்பும் கேள்வியாகும். மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களுக்கு இது புதிய கேள்வியன்று. நீண்ட போரையும் 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் தாங்கிய அம்மாவட்டத்தில் உளநல வைத்தியர்கள் மிக அரிதாக இருந்த காலத்தில், குளிசை அல்லாத வழிகள் விருப்பத்தினால் அன்றித் தேவையினாலேயே நாடப்பட்டன.

உளவளத்துணையில் ஈடுபட்டிருந்த இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் முன்னின்று 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் ஒன்றாகக் கூடி, களிமண், ஓவியம், கதை, நாடகம் ஆகியவற்றின் வழியே தம் அச்சங்களுக்கு உருவம் கொடுத்தனர். காணாமற்போனோரின் தாய்மார் காளி கோயில்களில் வாக்குக் கேட்டுத் துயராறியதை மானிடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ் பதிவு செய்துள்ளார். இவை அளித்த ஆறுதல் மெய்யானது, மதிக்கத்தக்கது. எனினும் ஆறுதல் அளித்தது என்பதும் நோயைக் குறைத்தது என்பதும் வெவ்வேறு கூற்றுகள் ஆதலால், இரண்டாவதற்கு அளவீடு வேண்டும்.

அத்தகைய அளவீடு ஒன்று ஆழிப்பேரலைக்குப் பின் வடகிழக்கு முகாமொன்றில் நிகழ்ந்தது. கிளாடியா கட்டானி குழுவினர் 2009இல் வெளியிட்ட அவ்வாய்வில், பேரதிர்ச்சியின் பின் எழும் மனவடு நோய்க்கு ஆளான 31 சிறுவர்கள் எழுமாற்றாக இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் தமக்கு நேர்ந்ததைத் தொடக்கம் முதல் முடிவு வரை விரிவாகச் சொல்லி அச்சத்தை நேர்கொள்ளும் சிகிச்சையையும், மற்றையோர் தியானமும் தளர்வும் சேர்ந்த பயிற்சியையும், பயிற்றப்பட்ட உள்ளூர் உளவளத்துணையாளரிடம் ஆறு அமர்வுகளில் பெற்றனர். ஆறு மாதத்தின் பின் முதற் பிரிவில் 81 வீதத்தினரும் இரண்டாம் பிரிவில் 71 வீதத்தினரும் நோய் நீங்கியிருந்தனர். இத்தனை சிறிய எண்ணிக்கையில் அவ்வேறுபாடு ஓரிரு சிறுவரையே குறிக்கும் என்பதும், சிகிச்சை பெறாத பிரிவொன்று ஒப்பீட்டுக்கு இல்லாமையால் தானாகத் தேறியோர் எத்தனை பேர் எனப் பிரித்தறிய இயலாது என்பதும் மறக்கத்தக்கன அல்ல.

மூச்சு எவ்வாறு உடலைத் தணிக்கிறது என்பதோ மிக அழகிய பொறிமுறை. மூச்சை வெளிவிடும்போது, மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேகசு நரம்பு இதயத்தின் துடிப்பைத் தொடக்கும் கணுவில் அசற்றைல்கோலினைச் சுரந்து துடிப்பை மந்தமாக்குகிறது. உள்ளிழுக்கும்போது அப்பிடி தளர்ந்து துடிப்பு விரைகிறது. இதற்கு அருகிலேயே இன்னோர் அலைவு உண்டு. கழுத்து நாடியிலும் பெருநாடி வளைவிலும் உள்ள அமுக்க வாங்கிகள், குருதி அமுக்கம் ஏறினால் துடிப்பைக் குறைக்கவும் இறங்கினால் கூட்டவும் மூளையைத் தூண்டுகின்றன. ஆனால் துடிப்பின் மாற்றம் அமுக்கத்தில் பிரதிபலிக்க ஏறத்தாழ ஐந்து வினாடி தாமதம் ஆவதால், இவ்வொழுங்காக்கல் பத்து வினாடிக்கு ஒருமுறை போய்வரும் இயல்பைப் பெறுகிறது.

சித்திரைப் புத்தாண்டில் வாவிக்கரை ஊர்களில் கட்டப்படும் ஊஞ்சலுக்கு இதை ஒப்பிடலாம். நினைத்த நேரமெல்லாம் தள்ளினால் ஊஞ்சல் தடுமாறும். அது திரும்பும் கணம் பார்த்து மெல்லத் தொட்டாலே கிளையளவு உயரும். நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு வரையான வழமையான மூச்சு, காலம் தவறித் தள்ளும் கை. நிமிடத்துக்கு ஆறாகத் தணிந்த மூச்சு, காலமறிந்து தள்ளும் கை. கயிறு நீண்டால் ஊஞ்சல் மெல்ல ஆடுவது போல், உயரமானவர்களின் உகந்த மூச்சு வேகம் சற்றுக் குறைவாக இருப்பதும் அளந்தறியப்பட்டுள்ளது. ஊஞ்சலைச் சுற்றி நின்று பாடுவோரின் பாட்டுங்கூட, ஆராய்ந்து பார்த்தால், நீட்டி வெளிவிடப்பட்ட மூச்சேயன்றி வேறில்லை. இத்தாலியரான லூசியானோ பேர்னார்டி 2001இல் 23 பேரிடம் நடத்திய ஆய்வில், இலத்தீன் செபமாலையும் திபெத்திய மந்திரமும் மூச்சை நிமிடத்துக்கு ஆறளவில் கொண்டுவந்து, அமுக்க வாங்கிகளின் செயலைக் கூர்மையாக்கின. ஆனால் அவர்கள் நலமுடையோர், நோயாளர் அல்லர். விளம்பரங்கள் விழுங்கிவிடும் உண்மை இது.



ஊஞ்சல் எவ்வளவு உயர்ந்தாலும் அச்சத்தின் வேர் அதனால் அறுபடுவதில்லை. பதகளிப்பு நீடிப்பதற்கு முக்கிய காரணம் தவிர்த்தலாகும்; கடலுக்கு அஞ்சுபவர் கடற்கரையைத் தவிர்க்கும் ஒவ்வொரு நாளும், தவிர்த்ததனாலேயே தப்பினேன் என்று மூளை கற்றுக்கொள்கிறது. மாறாக, துணையோடு படிப்படியாகக் கரையை நெருங்கும்போது பழைய அச்ச நினைவு அழியாவிடினும், அதை அடக்கும் புதிய நினைவொன்று உருவாகிறது. மூச்சுப்பயிற்சி அக்கரைவரை செல்லும் துணிவைத் தந்தால் நன்று. அதுவே கடலைப் பாராதிருக்கும் உபாயமாகிவிட்டால் நோயையே வளர்க்கும். இவ்வேறுபாட்டை அறிந்து உடனிருக்கப் பயிற்றப்பட்ட ஒருவர் வேண்டும், அந்த இடத்தை எச்செயலியும் நிரப்பாது.

ஆகவே மிதமான பதகளிப்புக்கு உளவளச் சிகிச்சை முதல் வழியாகத் தகுதியுடையது. கடுமையானதற்குக் குளிசையும் சேர்ந்து தேவைப்படலாம், அதில் இழிவொன்றும் இல்லை. டயசிப்பாம் போன்ற குளிசைகளை நெடுநாள் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு ஏற்படக்கூடும் என்பதால், வைத்தியரின் கண்காணிப்பிலேயே படிப்படியாகக் குறைக்க வேண்டும். உடனடி உதவி தேவைப்படுவோர் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்தை அழைக்கலாம்.