வானத்தைப் படம்பிடிக்க எதில் முதல் போடுவது?



கல்யாண வீடுகளுக்குப் படமெடுக்கும் தம்பி ஒருவர் கடைக்கு வந்தார். "நானா, ராவில வானத்தைப் படமெடுத்துக் குடுத்தா வெள்ளக்காரங்க நல்ல காசு தாராங்க. லோன் போட்டு டெலஸ்கோப்பும், நட்சத்திரத்தோட சேர்ந்து சுத்துற மெஷினும் வாங்கப் போறேன்" என்றார். படமெடுப்பது என் தொழிலல்ல. ஆனால் எந்தத் தொழிலுக்கும் முதல் போடும் கணக்கு ஒன்றுதான்.

முதலில் நம்மிடம் இருக்கும் சரக்கைப் பார்ப்போம். நோட்டன் அணையின் தண்ணீர்தான் பழைய லக்சபான மின்நிலையத்தை ஓட்டுகிறது. நாட்டுக்கு வெளிச்சம் கொடுக்கும் ஊர் இது. ஆனால் தோட்டப் பக்கம் ஏறிவிட்டால் நல்ல இருட்டு. கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் ஜப்பான் அன்பளிப்பாகக் கொடுத்த 45 சென்ரிமீட்டர் தொலைநோக்கி இருக்கிறது; சுற்றிலும் கொழும்புப் பக்கத்து வெளிச்சம். அங்கே காசு கொடுத்தாலும் கிடைக்காத இருட்டு நமக்கு இலவசம்.

அடுத்து, கருவி எத்தனை நாள் உழைக்கும்? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. ஒக்டோபர், நவம்பரிலும் மழை. நம்பக்கூடியது ஜனவரி முதல் மார்ச் வரைதான். போயா விடுமுறைக்கு ஆட்கள் நிறைய வருவார்கள். ஆனால் அன்று முழுநிலா, நட்சத்திரம் மங்கிவிடும். பிறைக் கணக்கில் மாதக் கடைசியும் முதல் சில நாட்களுமே தோதானவை. மாதம் 10 இரவு என்றால் 3 மாதத்துக்கு 30. பாதியை மூடுபனி கொண்டுபோனால் மிச்சம் 15. லோன் தவணையோ 12 மாதமும் கட்ட வேண்டும்.

இனி அந்தச் சுற்றும் மெஷின். அதன் அச்சை வட துருவத்துக்கு நேராக வைக்க வேண்டும். அதற்கு அடையாளம் துருவ நட்சத்திரம். ஐரோப்பாவில் அது உயரத்தில் தெரியும். நாம் இருப்பதோ 7 பாகை அகலாங்கில். இங்கே அது அடிவானத்திலிருந்து 7 பாகை உயரத்தில்தான் நிற்கும். வடக்கே ஒரு மலை இருந்தால் மறைந்துவிடும். வேறு வழிகளும் உண்டு, ஆனால் அவை கைதேர்ந்தவருக்கே. டெலஸ்கோப் நிலாவுக்கும் கிரகங்களுக்கும் நல்லது. மலைக்கு மேல் பால்வீதி விரிந்து கிடப்பதை அதற்குள் அடக்க முடியாது.

ஆகவே வாங்க வேண்டிய ஒழுங்கு இதுதான்:

முதலாவது, காற்றுக்கு ஆடாத கனமான ட்ரைபொட்.

இரண்டாவது, லென்ஸ். 14 முதல் 24 மில்லிமீட்டருக்குள், எஃப் 2.8 அல்லது அதைவிடக் குறைந்த எண். 500ஐ லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்தால், நட்சத்திரம் கோடாக இழுபடாமல் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று ஏறத்தாழத் தெரியும். 20 மில்லிமீட்டருக்கு 25 விநாடி. சிறிய சென்ஸர் உள்ள கெமராவுக்கு அதை மேலும் 1.5ஆல் வகுக்க வேண்டும், 16 விநாடி.

மூன்றாவதுதான் கெமரா. பெரிய கம்பெனிகள் மிரர்லெஸ் பக்கம் போய்விட்டதால் பழைய டிஎஸ்எல்ஆர்கள் மலிந்துவிட்டன. கைமாறிய பொருள் வாங்கும்போது லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். நூல் நூலாகப் பூஞ்சணம் தெரிந்தால் விட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு, காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும், லென்ஸில் பனி படியாமல் சூடாக்கும் பட்டியும், மேலதிக பெற்றரியும் அவசியம்.

இந்த மூன்றும் கல்யாண வீட்டிலும் உழைக்கும். சுற்றும் மெஷின் மற்ற நாளெல்லாம் அலுமாரியில் தூங்கும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360ஐத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. இறக்குமதிப் பொருளில் காசை முடக்குபவர் இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

ஒரு பருவத்தைக் கையிலிருக்கும் காசுக்குள் ஓட்டிப் பாருங்கள். படம் விற்றால், அந்த இலாபத்தில் அடுத்த கருவியை வாங்கலாம். விற்காவிட்டாலும் கடன் இருக்காது.