பூனைப் பிரியர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள், தெரியுமா?

பூனை வளர்ப்பவர் என்றதும், ஈஸிசேரில் சாய்ந்தபடி மடியில் கிடக்கும் பூனையைத் தடவிக்கொண்டு பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவரைத்தான் பலரும் நினைக்கிறார்கள். போதாக்குறைக்கு சினிமாக்காரர்கள் வில்லன் மடியிலும் ஒரு பூனையை உட்காரவைத்துப் பெயரைக் கெடுத்துவிட்டார்கள்! உண்மையான ஆட்களைத் தேடிப் பார்த்தால் கதையே வேறு. இயற்பியல் பேராசிரியர், நர்ஸ், ஆம்புலன்ஸ் டிரைவர், ரயில் கம்பெனித் தலைவர், அகராதி எழுதியவர், போர்க்கப்பல் மாலுமி என்று முதுகொடிய உழைத்தவர்களாகவே வந்து நிற்கிறார்கள். அத்தனை வேலைக்கும் நடுவே பூனை எப்படிப் புகுந்தது என்பதுதான் வேடிக்கை!

முதலில் பேராசிரியரைப் பார்ப்போம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹெதரிங்டன் என்பவர் ஹீலியம்-3 அணுக்களைப் பற்றி 1975இல் ஒரு கட்டுரை எழுதி முடித்தார். ‘ஃபிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ்’ என்றால் இயற்பியல் உலகத்தில் லேசுப்பட்ட பத்திரிகை அல்ல. அதற்கு அனுப்பும் முன் நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தார். நண்பர் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்துவிட்டார். எழுதியவர் ஒரே ஆள்; கட்டுரை முழுக்க ‘நாங்கள் கண்டோம்’, ‘நாங்கள் கணக்கிட்டோம்’ என்று இருக்கிறது. ஒற்றை ஆளின் கட்டுரையில் இதை அந்தப் பத்திரிகை ஏற்காது! கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டி மாற்றும் காலமா அது? டைப்ரைட்டரில் அடித்த கட்டுரை. முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும்.

மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? கட்டுரையில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. வீட்டில் இருந்த செஸ்டர் என்ற சயாமியப் பூனையை இணை ஆசிரியராகச் சேர்த்துவிட்டார்! பூனை என்று தெரியாதபடி எஃப்.டி.சி. வில்லர்ட் என்று கௌரவமான ஒரு பெயர். எஃப்.டி. என்றால் ஃபெலிஸ் டொமஸ்டிகஸ், அதாவது வீட்டுப் பூனைக்கு உரிய லத்தீன் பெயர். சி என்றால் செஸ்டர். வில்லர்ட் என்பது செஸ்டரின் அப்பா பூனையின் பெயர். அப்பா பெயரை விடாமல் சேர்த்துக்கொண்ட வகையில் செஸ்டர் பாதித் தமிழர்தான்!

அந்த ஆண்டு நவம்பரில் கட்டுரை அச்சேறியது. பிறகு ஒருநாள் பல்கலைக்கழகத்துக்கு வந்த விருந்தினர் ஒருவர் ஹெதரிங்டனைப் பார்க்கக் கேட்டார். அவர் இல்லை. சரி, வில்லர்டையாவது பார்க்கலாமா என்றார். அவ்வளவுதான், சுற்றியிருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் குட்டு உடைந்தது. துறைத் தலைவரும் சளைத்தவரல்ல. வில்லர்ட் எங்கள் துறையில் வருகைதரு பேராசிரியராகச் சேர முடியுமா என்று முறைப்படி கடிதமே எழுதிவிட்டார்! கட்டுரையின் சில பிரதிகளில் ஹெதரிங்டன் கையெழுத்துப் போட, பக்கத்திலேயே செஸ்டரின் பாதத்தை மையில் தோய்த்து ஒற்றி நண்பர்களுக்கு அனுப்பினார். அதோடு விட்டதா? 1980இல் பிரெஞ்சு அறிவியல் இதழ் ஒன்றில் வில்லர்ட் தனி ஆசிரியராகவே ஒரு கட்டுரை வெளியிட்டது. 2014 ஏப்ரல் 1 அன்று அமெரிக்க இயற்பியல் கழகம், பூனைகள் எழுதிய கட்டுரைகளை இனி எல்லோரும் இலவசமாகப் படிக்கலாம் என்று அறிவித்துத் தன் பங்குக்கு விளையாடியது.

விஞ்ஞானிகளை இதோடு விட மனமில்லை. பிரபஞ்சம் விரிகிறது என்பதற்குச் சான்று காட்டிய எட்வின் ஹப்பிள் தன் பூனைக்கு வைத்த பெயர் நிக்கலஸ் கோப்பர்னிகஸ்! நிக்கோலா டெஸ்லாவோ, சிறுவயதில் ஒரு குளிர்கால மாலையில் மச்சாக் என்ற தன் பூனையின் முதுகைத் தடவியபோது பொறி பறந்ததை எண்பது வயதைத் தாண்டியும் மறக்கவில்லை. இது மின்சாரம்தான், புயலில் மரங்களில் தெரிவதும் இதேதான் என்றாராம் அப்பா. நெருப்புப் பிடித்துக்கொள்ளும், விளையாட்டை நிறுத்து என்றாராம் அம்மா. 1939இல் ஒரு சிறுமிக்கு எழுதிய கடிதத்தில் டெஸ்லாவே இதைச் சொல்லியிருக்கிறார்.

ஜப்பானுக்குப் போனால் இன்னும் தமாஷ். வகயாமா பக்கம் நஷ்டத்தில் ஓடிய ஒரு சின்ன ரயில் பாதை. அதன் கடைசி நிலையமான கிஷியில் 2006இல் ஊழியர்களையே நீக்கிவிட்டார்கள். நிலையத்தை ஒட்டிக் கடை வைத்திருந்தவர் வளர்த்த பூனைகளுக்கு இருந்த இடமும் பறிபோகும் நிலை. பூனைகளை நிலையத்திலேயே இருக்கவிடுங்கள் என்று ரயில் கம்பெனித் தலைவர் மிட்சுனோபு கோஜிமாவிடம் அந்தக் கடைக்காரர் கேட்டுக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் ‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். கோஜிமாவோ 2007 ஜனவரியில் தாமா என்ற பூனையை ஸ்டேஷன் மாஸ்டராகவே நியமித்துவிட்டார்! தலைக்குத் தொப்பி, கழுத்தில் பதவிப் பட்டை. சம்பளம்? பூனைத் தீனிதான்! தாமாவைப் பார்க்கவே கூட்டம் ரயிலேறி வந்தது. 2010இல் நிலையக் கட்டடத்தையே பூனை முகம் மாதிரிக் கட்டினார்கள். 2015இல் தாமா இறந்தபோது இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். அடுத்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு நிதாமா என்று பெயர், அதாவது இரண்டாம் தாமா!

தாமா ஒரு மூவண்ணப் பூனை, பெட்டை. மூவண்ணப் பூனைகள் அநேகமாக எல்லாமே பெட்டையாக இருப்பது ஏன் தெரியுமா? ஆரஞ்சு நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெட்டைக்கு இரண்டு எக்ஸ். ஒவ்வொரு செல்லிலும் அந்த இரண்டில் ஒன்று அடங்கிவிடும். அதனால்தான் ஓரிடத்தில் ஆரஞ்சுத் திட்டு, இன்னோரிடத்தில் கறுப்புத் திட்டு. இது பழைய செய்தி. ஆனால் அந்த மரபணு எது என்று பல பத்தாண்டுகளாகப் பிடிபடவே இல்லை! கியூஷு பல்கலைக்கழகத்தின் ஹிரோயுகி சசாகி, இவரும் பூனைப் பிரியரே, இணையம் வழியாகப் பூனைப் பிரியர்களிடமே நன்கொடை திரட்டி ஆய்வு நடத்தி, 2025இல் தன் குழுவோடு விடையை வெளியிட்டார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்றும் அதே நேரத்தில் தனியாக அதே மரபணுவில் போய் நின்றது!

ஹருகி முரகாமி நாவலாசிரியர் ஆவதற்கு முன் என்ன தொழில் பார்த்தார்? மனைவியோடு சேர்ந்து தோக்கியோவில் 1974இல் ஒரு ஜாஸ் கடை திறந்தார். பகலில் காப்பி, இரவில் மது. கடையின் பெயர் ‘பீட்டர் கேட்’, தான் வளர்த்த பூனையின் பெயர்! கடையை மூடிவிட்டு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியதுதான் அவருடைய முதல் நாவல். அவருக்கு வெகு காலம் முந்தியவர் நட்சுமே சொசேகி. தோக்கியோவில் ஆங்கில விரிவுரையாளராக இருந்தபோது, 1905இல், ஒரு பூனையே கதை சொல்வதாக எழுதிப் புகழடைந்தார். வீட்டுப் பூனைதான் தூண்டுதல். நாவலிலும் சரி, வீட்டிலும் சரி, பூனைக்குப் பெயரே வைக்கவில்லை. ஆனால் 1908இல் அது செத்தபோது நண்பர்களுக்கும் சீடர்களுக்கும் கருமாதிக் கடிதம் போட்டுத் தெரிவித்தார்!

அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனிடம் ஹாட்ஜ் என்று ஒரு பூனை இருந்தது. அதற்குச் சிப்பி என்றால் உயிர். லண்டனில் அப்போது சிப்பி மலிவு. வேலையாளை அனுப்பி வாங்கிவரச் சொல்லலாமே? ஜான்சன் தானே போய் வாங்கிவருவார். அலையவிட்டால் வேலையாட்களுக்கு அந்த வாயில்லா ஜீவன்மேல் வெறுப்பு வந்துவிடும் என்று பயம்! இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் இவர்தான். பூனைமேல் அன்பு வைப்பது பெரிதில்லை. வேலைக்காரர் மனசையும் சேர்த்து நினைத்தாரே! அவருடைய வீட்டுக்கு எதிரே 1997இல் ஹாட்ஜுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அகராதிமேல் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் சிப்பி ஓடு.

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் வாழ்நாளில் அறுபது பூனைகளுக்குமேல் வளர்த்தார். ஒன்றின் பெயர் பிஸ்மார்க், இன்னொன்று டிஸ்ரேலி! அவருடைய காகிதங்களில் இன்றைக்கும் மைக்கால் தடங்கள் இருக்கின்றன. மார்க் ட்வெய்ன் கோடைக்கு வெளியூர் போன இடத்தில் மூன்று குட்டிகளை வாடகைக்கு எடுத்தார், ஆமாம், வாடகைக்கு! துப்பறியும் கதை எழுதிய ரேமண்ட் சாண்ட்லர், தாள்மேலேயே உட்கார்ந்துகொள்ளும் தன் கறுப்புப் பாரசீகப் பூனையை ‘என் காரியதரிசி’ என்றுதான் சொல்வார்.

சம்பளப் பூனைகள் தெரியுமா? 1868இல் லண்டன் மணியார்டர் ஆபீஸில் எலிகள் காகிதத்தை எல்லாம் கடித்துத் தீர்த்தன. மூன்று பூனைகளை வேலைக்கு வைக்க, வாரம் இரண்டு ஷில்லிங் கேட்டார்கள். மேலிடம் ஒரு ஷில்லிங்தான் கொடுத்தது. மீதிக்கு எலியைப் பிடித்துத் தின்னட்டும், ஆறு மாதத்தில் எலி குறையாவிட்டால் அதிலும் வெட்டு என்று எச்சரிக்கை வேறு! அரசாங்க ஆபீஸ் எந்த ஊரிலும் அரசாங்க ஆபீஸ்தான். 1949இல் சீனாவின் யாங்சி ஆற்றில் குண்டடிபட்டுச் சிக்கிக்கொண்ட ‘அமெதிஸ்ட்’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் சைமன் என்ற பூனை இருந்தது. தானும் காயப்பட்டு, எலிகளை வேட்டையாடி உணவைக் காத்து, மாலுமிகளுக்கும் துணையாக இருந்தது. விலங்குகளின் வீரத்துக்கு வழங்கும் டிக்கின் பதக்கத்தை வாங்கிய ஒரே பூனை அதுதான்!

இனி வரும் ஆளைப் பற்றிச் சொல்லும்போது வேடிக்கையை ஓரமாக வைக்க வேண்டும். சிரியாவின் அலெப்போ நகரில் முகமது அலா அல்-ஜலீல் ஓர் எலக்ட்ரீஷியன். உள்நாட்டுப் போர் மூண்டதும் ஆம்புலன்ஸ் ஓட்ட ஆரம்பித்தார். குண்டு விழுந்த இடத்துக்கு ஓடி இடிபாட்டில் சிக்கியவர்களைத் தூக்கிப் போவதுதான் தினசரி வேலை. ஊரைவிட்டு ஓடியவர்கள் வளர்த்த பூனைகள் தெருவுக்கு வந்தன. ஜலீல் இறைச்சி வாங்கிப் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக நூற்றுக்கும் மேல் சேர்ந்துவிட்டன! சிலர் ஊரைவிட்டுப் போகும் முன் தாங்களே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். வெளிநாட்டுப் பூனைப் பிரியர்கள் பணம் அனுப்ப, அது ஒரு காப்பகமாகவே வளர்ந்தது. 2016 முற்றுகையில் காப்பகமும் குண்டுக்குத் தப்பவில்லை. பல பூனைகள் செத்தன. மிஞ்சியவற்றோடு நகரத்தைவிட்டு வெளியேறிய ஜலீல், புறநகரில் திரும்பவும் காப்பகம் கட்டினார், பக்கத்திலேயே குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடலும். மனிதர்கள் சாகும்போது பூனைக்குச் சோறா என்று கேட்டவர்களும் உண்டு. மனிதர்களை இடிபாட்டிலிருந்து தூக்கியவரும் அதே ஆள்தான் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

ரோமில் ஜூலியஸ் சீசர் குத்துப்பட்டு விழுந்த இடத்தை ஒட்டிய இடிபாட்டில் பூனைகள் குடித்தனம் நடத்துவதும், தினமும் சோறு போடும் பெண்களுக்கு ‘கத்தாரே’ என்று பெயரே இருப்பதும் தெரியுமா? தெருவில் சுதந்திரமாக வாழும் பூனைக் கூட்டங்களைக் காக்க இத்தாலியில் 1991இல் சட்டமே போட்டார்கள். லண்டனில் தெருவில் கிட்டார் வாசித்துப் பிழைத்த ஜேம்ஸ் போவன் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுகொண்டிருந்தபோது, 2007இல், காயம்பட்ட ஒரு பூனை வந்து சேர்ந்தது. பாப் என்று பெயரிட்டார். அது அவர் தோளில் ஏறிக்கொண்டு பஸ்ஸில் வந்தது! 2012இல் போவன் எழுதிய புத்தகம் உலகம் முழுக்க விற்றது, படமாகவும் வந்தது. பாபுக்கும் லண்டனில் சிலை இருக்கிறது.

பூனை வீட்டில் இருக்கும் எவருக்கும், எந்த வேலையில் இருந்தாலும், காலை ஒரே மாதிரிதான் விடியும். விடிகாலையும் அந்தியும்தான் பூனை சுறுசுறுப்பாக இருக்கும் நேரம் என்பதால், அலாரம் அடிக்கும் முன்னாலேயே மூக்கருகே ஒரு மியாவ்! வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அநேகமாக மியாவ் சொல்வதே இல்லை, தெரியுமா? அந்தச் சத்தம் பெரும்பாலும் மனிதர்களுக்காகத்தான். ஆசையாக மைசூர்பாகு நீட்டினாலும் பயனில்லை. இனிப்பை உணரும் ஏற்பி பூனையின் நாக்கில் வேலை செய்யாது. கிண்ணம் நிறையப் பால் ஊற்றுவதும் நல்லதல்ல. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றோட்டம் போகும். சுத்தமான தண்ணீர் போதும்.

கடைசியாக, கார் வைத்திருப்பவர்களுக்கு. குளிருக்கும் மழைக்கும் ஒதுங்கும் பூனைகள் இன்ஜினின் கதகதப்பைத் தேடி பானெட்டுக்குள் சுருண்டுகொள்ளும். வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டு தட்டச் சொல்லி ஜப்பானில் நிஸான் கம்பெனி ஒரு பிரசாரமே நடத்தியது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் தெருப் பூனைகளும் அங்கேதான் ஒதுங்கும். நாளைக் காலை நீங்களும் தட்டிவிட்டுக் கிளப்புங்கள்.